மின்னழுத்தம், மின்னோட்டம் வழி மின்தடையும் மின்திறனும் கணக்கிடல்: வாய்பாடுகளின் பொருளும் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு மின்கருவியின் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தத்தையும் அதன் வழியே செல்லும் மின்னோட்டத்தையும் அளந்தால், வகுத்தலால் மின்தடையும் பெருக்கலால் மின்திறனும் கிடைக்கின்றன. பள்ளிப் பாடநூல்களில் அடுத்தடுத்து இடம்பெறும் இவ்விரு கணக்குகளும் ஒரே தரத்தன போலத் தோன்றினும் உண்மையில் வேறுபட்டவை. பெருக்கல் ஆற்றல் அழியாமையிலிருந்து பிறப்பது. எல்லாக் கருவிகளுக்கும் பொருந்துவது. வகுத்தலால் கிடைக்கும் எண்ணோ, அளந்த நிலைமைக்கு மட்டும் உரியது. அவ்வெண்ணைக் கருவியின் மாறாப் பண்பாகக் கொள்ளும்போதே பிழைகள் தோன்றுகின்றன. இவ்வேறுபாட்டை இழைவிளக்கு, மின்கல மின்னேற்றம், மின்கடத்துத் தொடர், நீரிறைப்பு மோட்டார், தளர்ந்த மின்னிணைப்பு ஆகிய எடுத்துக்காட்டுகள் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, மின்திறன், ஓம் விதி, திறன் காரணி, அறிவியல் தமிழ்

முன்னுரை

மின்னியலின் அடிப்படைக் கணக்குகளுள் மிக எளியவை இரண்டு. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்திறன். 230 வோல்ட் மின்னழுத்தத்தில் 5 ஆம்பியர் மின்னோட்டத்தைப் பெறும் ஒரு கருவியின் மின்தடை 46 ஓம் என்றும் அதன் திறன் 1150 வாட் என்றும் மாணவர் உடனே கூறிவிடுவர். அக்கருவி நீர் சூடாக்கும் கம்பிச்சுருளாக இருப்பின் இரு விடைகளும் சரியே. அதுவே வீட்டுக் கிணற்றில் நீரிறைக்கும் மோட்டாராக இருப்பின் இரு விடைகளும் தவறாகும். எண்களும் வாய்பாடுகளும் மாறவில்லை. எனினும் விடையின் மெய்ம்மை மாறிவிடுகிறது.

இம்மாற்றம் ஏன் நிகழ்கிறது என்பதைத் தமிழ்வழிப் பாடநூல்கள் பெரும்பாலும் விரித்துரைப்பதில்லை. வாய்பாட்டை மனப்பாடமாக்கி எண்களை ஈடுசெய்யும் பயிற்சியோடு பாடம் நிறைவுறுகிறது. இதன் விளைவு தேர்வுத்தாளோடு நின்றுவிடுவதில்லை. மின்கம்பியின் பருமனைத் தேர்வதும், உருகுகம்பியின் அளவைத் தீர்மானிப்பதும், சூடேறும் செருகியைக் கண்டு எச்சரிக்கை கொள்வதும் இக்கணக்குகளைச் சார்ந்தே அமைகின்றன. ஆகவே ஒவ்வொரு வாய்பாடும் எதனை உரைக்கிறது, எவ்விடத்தில் பொருந்தாது போகிறது என்பதைத் தெளிவுறுத்தல் தேவையாகிறது.

அளவுகளும் கலைச்சொற்களும்

மின்னோட்டம் என்பது ஒரு கடத்தியின் குறுக்குவெட்டை ஒரு வினாடியில் கடந்து செல்லும் மின்னூட்டத்தின் அளவு. ஒரு வினாடியில் ஒரு கூலூம் மின்னூட்டம் கடந்தால் அது ஓர் ஆம்பியர். மின்னழுத்தம் என நடைமுறையில் சுட்டப்படுவது இரு புள்ளிகளுக்கிடையேயான மின்னழுத்த வேறுபாடு. ஒரு கூலூம் மின்னூட்டம் ஒரு புள்ளியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது ஒரு ஜூல் ஆற்றல் கைமாறினால் அவற்றிடையே உள்ள வேறுபாடு ஒரு வோல்ட். திறன் என்பது ஒரு வினாடியில் கைமாறும் ஆற்றல். ஒரு வினாடிக்கு ஒரு ஜூல் என்பது ஒரு வாட். மின்தடை என்பது ஓர் ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்த எத்தனை வோல்ட் தேவைப்படுகிறது என்னும் விகிதம். அதன் அலகு ஓம். வோல்ட், ஆம்பியர், ஓம் ஆகிய அலகுகளைப் பாரிசில் 1881ஆம் ஆண்டு கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு ஏற்றது. வாட் என்னும் பெயரை மறு ஆண்டில் வில்லியம் சீமென்ஸ் முன்மொழிந்தார்.

தமிழில் இவ்வளவுகளைக் குறிக்கும் சொற்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஆற்றல், திறன் என வழங்குவனவற்றை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் முறையே சக்தி, வலு என வழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் சக்தி என்னும் சொல் ஆற்றலையும் திறனையும் வேறுபாடின்றிச் சுட்டுகிறது. மேலும் திறன் என்னும் சொல்லுக்கு ஆளுமை, தேர்ச்சி என்னும் பொதுப்பொருள்களும் உண்டு. ஆகவே ஒரு கருவியின் திறன் 1000 வாட் என்னும்போது, அது கருவியின் சிறப்பைக் குறிப்பதன்று, ஆற்றல் கைமாறும் வேகத்தையே குறிக்கிறது என்பதை ஆசிரியர் முதலிலேயே தெளிவாக்க வேண்டியுள்ளது. மின்கட்டணப் பட்டியலில் காணப்படும் யூனிட், திறனின் அளவன்று, ஆற்றலின் அளவு. 1000 வாட் திறனுடைய கருவி ஒரு மணிநேரம் இயங்கும்போது கைமாறும் 36 இலட்சம் ஜூல் ஆற்றலே ஒரு யூனிட். இக்கட்டுரையில் தமிழ்நாட்டு வழக்கே பின்பற்றப்படுகிறது.

ஓமின் ஆய்வு

மின்னழுத்தத்திற்கும் மின்னோட்டத்திற்கும் உள்ள தொடர்பை ஆய்வின் வழி நிறுவியவர் செருமானிய அறிஞர் கியோர்க் சைமன் ஓம் (1789–1854). கோல்ன் நகரப் பள்ளி ஒன்றில் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில் அவர் இவ்வாய்வைத் தொடங்கினார். 1825ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட முதல் முடிவு பிழையுடையதாக இருந்தது. அவர் பயன்படுத்திய மின்கலங்களின் மின்னழுத்தம் நிலையாக இல்லாமையே அதற்குக் காரணம். மின்னோட்டத்தை எடுக்க எடுக்க மின்கலத்தின் அழுத்தம் குறைந்தது. கம்பியின் நீளத்தால் நேர்ந்த மாற்றம் எது, மின்கலத்தின் தளர்ச்சியால் நேர்ந்த மாற்றம் எது எனப் பிரித்தறிய இயலவில்லை.

போக்கண்டார்ஃப் என்னும் அறிஞரின் அறிவுரைப்படி ஓம் தம் மின்மூலத்தை மாற்றினார். பிஸ்மத், செம்பு ஆகிய இரு உலோகங்களின் சந்திப்புகளுள் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தால் நிலையானதொரு மின்னழுத்தம் பிறக்கும். இவ்வெப்ப மின்னிரட்டையைக் கொண்டு, வெவ்வேறு நீளமுள்ள செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுற்றில் இணைத்து, தொங்கவிடப்பட்ட காந்த ஊசியின் விலக்கத்தை முறுக்கத்தால் ஈடுசெய்து மின்னோட்டத்தை அளந்தார். கம்பியின் நீளத்தோடு ஒரு மாறா எண்ணைக் கூட்டினால் கிடைக்கும் தொகைக்கு மின்னோட்டம் எதிர்விகிதத்தில் அமைவதைக் கண்டார். அம்மாறா எண், சுற்றின் ஏனைய பகுதிகளின் தடையைக் குறித்தது. இம்முடிவுகளையும் அவற்றின் கணிதக் கோட்பாட்டையும் கொண்ட அவருடைய நூல் 1827இல் பெர்லினில் வெளிவந்தது. தம் நாட்டில் உடனடி ஏற்புப் பெறாத அவ்வாய்வுக்கு இலண்டன் ராயல் கழகம் 1841இல் காப்ளி பதக்கம் வழங்கியது.

இவ்வரலாற்றில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஓம் வெற்றி பெற்றது வகுத்தல் கணக்கைக் கண்டுபிடித்தமையால் அன்று. நிலைமைகளை மாறாமல் வைத்திருக்கும் வழியைக் கண்டமையால். வெப்பநிலை முதலிய புறநிலைமைகள் மாறாதிருக்கும்போது உலோகக் கடத்தி ஒன்றில் மின்னோட்டம் மின்னழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் அமையும் என்பதே அவர் பெயரால் வழங்கும் விதி. அவ்விதியின் முதற்பகுதியான நிபந்தனை பிற்காலத்தில் வாய்பாட்டின் எளிமையால் மறைக்கப்பட்டது.

வரையறையும் விதியும்

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்

இச்சமன்பாட்டையே ஓம் விதி எனப் பலரும் கருதுகின்றனர். இது விதியன்று, மின்தடையின் வரையறை. எந்தக் கருவியிலும் இரு அளவுகளையும் அளந்து வகுத்து ஓர் எண்ணைப் பெறலாம். அவ்வெண், மின்னழுத்தத்தை மாற்றினாலும் மாறாதிருக்கும் என்னும் கூற்றே விதி. வரையறை எங்கும் செல்லும். விதி சில பொருள்களுக்குச் சில நிலைமைகளில் மட்டுமே செல்லும்.

இழைவிளக்கு இதற்குச் சிறந்த சான்று. 230 வோல்ட், 60 வாட் எனக் குறிக்கப்பட்ட விளக்கு எரியும்போது அதன் மின்னோட்டம் 60 ÷ 230 = 0.261 ஆம்பியர். எனவே எரியும் நிலையில் அதன் மின்தடை 230 ÷ 0.261, அஃதாவது ஏறத்தாழ 880 ஓம். அவ்விளக்கைக் கழற்றி, குளிர்ந்த நிலையில் பன்னளவியால் அளந்தால் ஏறத்தாழ 65 ஓம் மட்டுமே காட்டும். எரியும்போது டங்ஸ்டன் இழையின் வெப்பநிலை 2500 செல்சியசை நெருங்குகிறது. சூடேறிய உலோகத்தில் அணுக்களின் அதிர்வு மிகுந்து மின்னணுக்களின் செலவுக்குத் தடை கூடுவதால் மின்தடை பதின்மடங்குக்கும் மேலாக உயர்கிறது.

குளிர்ந்த நிலையில் அளந்த 65 ஓம் என்பதைக் கொண்டு விளக்கின் திறனைக் கணக்கிட முனைவோர்க்கு 230 × 230 ÷ 65 = 814 வாட் என்னும் விடை கிடைக்கும். 60 வாட் விளக்குக்கு இது பொருந்தாதது போலத் தோன்றினும் பொருளற்றதன்று. விளக்கை இடும் முதற்கணத்தில் இழை குளிர்ந்திருப்பதால், உச்சமாக அத்தகைய அளவில் மின்னோட்டம் பாய்கிறது. இழை சூடேறியதும் நொடிப்பொழுதில் தணிகிறது. பழைய இழைவிளக்குகள் எரிந்துகொண்டிருக்கையில் அறுவதைக் காட்டிலும் இடும் கணத்தில் அறுவது மிகுதி என்பது வீடுகளில் கண்ட அனுபவம். அதன் காரணங்களுள் இம்முதற்கண மின்னோட்டமும் ஒன்று. ஆக, 65 ஓம், 880 ஓம் ஆகிய இரண்டும் அவ்விளக்கின் உண்மையான மின்தடைகளே. எந்நிலையில் அளந்தது என்பதைக் கூறாதவரை இரண்டும் முழுமையற்றவை.

நீர் சூடாக்கியில் பயன்படும் நிக்ரோம் கம்பி இதற்கு மாறானது. அதன் மின்தடை வெப்பநிலையால் சில விழுக்காடு மட்டுமே மாறுகிறது. 230 வோல்ட்டில் 1000 வாட் திறனுடைய சூடாக்கியின் மின்தடை 52.9 ஓம். மாலையில் மின்னழுத்தம் 200 வோல்ட்டாகக் குறைந்தால் மின்னோட்டம் 3.78 ஆம்பியராகவும் திறன் 756 வாட்டாகவும் குறையும். மின்னழுத்தம் 13 விழுக்காடு குறைய, திறன் 24 விழுக்காடு குறைகிறது. இங்கு விதி பொருந்துவதால் கணக்கும் பொருந்துகிறது. ஆனால் மடிக்கணினியின் மின்னேற்றியில் மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டம் கூடுகிறது. உள்ளிருக்கும் மின்னணுச் சுற்று வெளியீட்டுத் திறனை மாறாமல் காக்க முயல்வதே காரணம். அதனிடம் ஒரு நிலைமையில் பெற்ற மின்தடை எண்ணை மற்றொரு நிலைமைக்குக் கொண்டுசெல்ல இயலாது.

திறனின் மூன்று வாய்பாடுகள்

மின்திறனுக்கு மூன்று வாய்பாடுகள் கற்பிக்கப்படுகின்றன.

1. திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்
2. திறன் = மின்னோட்டத்தின் இருமடி × மின்தடை
3. திறன் = மின்னழுத்தத்தின் இருமடி ÷ மின்தடை

முதல் வாய்பாட்டில் வோல்ட் என்பது ஒரு கூலூமுக்கு இத்தனை ஜூல். ஆம்பியர் என்பது ஒரு வினாடிக்கு இத்தனை கூலூம். இரண்டையும் பெருக்கினால் கூலூம் நீங்கி, ஒரு வினாடிக்கு இத்தனை ஜூல் என்பது எஞ்சுகிறது. இதில் ஓம் விதிக்கு இடமே இல்லை. ஆகவே விளக்கு, மோட்டார், மின்கலம், மின்னணுக் கருவி என எதுவாயினும், எக்கணத்திலும், அதற்குள் செல்லும் திறனை இவ்வாய்பாடு தருகிறது.

இரண்டாவது வாய்பாடு வேறு பிறப்புடையது. மின்னோட்டம் பாயும் கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் மின்தடைக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது என்பதை ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் ஆய்வின் வழி நிறுவி 1841இல் வெளியிட்டார். எனவே இது தடையில் வெப்பமாகும் திறனை மட்டும் குறிக்கிறது. மூன்றாவது வாய்பாடும் அத்தகையதே. அதில் வரும் மின்னழுத்தம் அத்தடையின் இரு முனைகளுக்கிடையே மட்டும் உள்ளதாக இருத்தல் வேண்டும். கருவிக்குள் செல்லும் ஆற்றல் முழுவதும் வெப்பமாகும்போதுதான் மூன்று வாய்பாடுகளும் ஒரே விடையைத் தரும்.

மின்கல மின்னேற்றம் இதனைத் தெளிவாக்கும். ஊர்தியின் மின்கல அடுக்கு ஒன்று 14 வோல்ட்டில் 5 ஆம்பியர் மின்னோட்டத்தைப் பெற்று மின்னேறுகிறது. அதன் அகத்தடை 0.1 ஓம் எனக் கொள்வோம். முதல் வாய்பாட்டின்படி உட்செல்லும் திறன் 70 வாட். இரண்டாவதின்படி அகத்தடையில் வெப்பமாகும் திறன் 5 × 5 × 0.1 = 2.5 வாட். எஞ்சிய 67.5 வாட் மின்கலத்தின் எதிர் மின்னியக்கு விசையை வெல்லச் செலவாகிறது. அதில் பெரும்பகுதி வேதி ஆற்றலாகச் சேமிக்கப்படுகிறது. மூன்றாவது வாய்பாட்டில் 14 வோல்ட்டையும் 0.1 ஓமையும் ஈடுசெய்தால் 1960 வாட் என்னும் விடை வரும். 70 வாட் உட்செல்லும் பொருளில் 1960 வாட் வெப்பம் பிறக்க இயலாது. அகத்தடையின் முனைகளுக்கிடையே உள்ளது 14 வோல்ட் அன்று, 0.5 வோல்ட் மட்டுமே என்பதை மறந்தமையால் நேர்ந்த பிழை இது.

இதே பிழை மற்றொரு வடிவில் வகுப்பறையில் அடிக்கடி எழுகிறது. மின்னாற்றலைத் தொலைவுக்கு அனுப்ப உயர் மின்னழுத்தம் பயன்படுத்துவது இழப்பைக் குறைப்பதற்காக என்று பாடம் கூறுகிறது. மூன்றாவது வாய்பாட்டின்படி மின்னழுத்தம் உயர்ந்தால் வெப்பம் மிக வேண்டுமே என மாணவர் வினவுவர். இவ்வினா நியாயமானது, விடையை எண்களால் காட்டுவதே தகும். மொத்தம் 2 ஓம் தடையுடைய மின்தொடர் வழியே 10 கிலோவாட் திறன் அனுப்பப்படுவதாகக் கொள்வோம். 230 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 43.5 ஆம்பியர், கம்பியிலேயே 87 வோல்ட் வீழ்ச்சியுற்று, ஏறத்தாழ 3780 வாட் வெப்பமாக வீணாகும். 11,000 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 0.91 ஆம்பியர், கம்பியில் வீழ்ச்சி 1.8 வோல்ட், இழப்பு 1.65 வாட் மட்டுமே. கம்பிக்கு உரிய மின்னழுத்தம் 11,000 வோல்ட் அன்று, 1.8 வோல்ட். 11,000 வோல்ட்டை மூன்றாவது வாய்பாட்டில் இட்டால் ஆறு கோடி வாட்டுக்கு மேல் இழப்பு எனக் கிடைக்கும். அனுப்பியதோ பத்தாயிரம் வாட். விடையை உட்செலுத்திய திறனோடு ஒப்பிடும் வழக்கம் இருப்பின் இத்தகைய பிழை உடனே வெளிப்படும்.

அளவிடும் கருவிகளால் நேரும் பிழை

மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஒரே நேரத்தில் அளக்க இரு கருவிகளைச் சுற்றில் இணைக்க வேண்டும். அம்மீட்டரைத் தொடரிணைப்பிலும் வோல்ட்மீட்டரைப் பக்க இணைப்பிலும் அமைப்பது முறை. ஆனால் வோல்ட்மீட்டரின் முனையை அம்மீட்டருக்கு முன்னே இணைப்பதா, பின்னே இணைப்பதா என்னும் வினா எஞ்சுகிறது. முன்னே இணைத்தால் வோல்ட்மீட்டர், தடையின் அழுத்தத்தோடு அம்மீட்டரில் வீழும் அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும். கணக்கிட்ட மின்தடை மிகும். பின்னே இணைத்தால் அம்மீட்டர், தடையின் மின்னோட்டத்தோடு வோல்ட்மீட்டர் எடுக்கும் மின்னோட்டத்தையும் சேர்த்துக் காட்டும். கணக்கிட்ட மின்தடை குறையும்.

அம்மீட்டரின் தடை 0.5 ஓம், வோல்ட்மீட்டரின் தடை 10,000 ஓம் எனக் கொள்வோம். 10 ஓம் தடையை முதல்முறையில் அளந்தால் 10.5 ஓம் எனக் கிடைக்கும். பிழை 5 விழுக்காடு. இரண்டாம் முறையில் 9.99 ஓம், பிழை 0.1 விழுக்காடு. 5000 ஓம் தடைக்கோ நிலைமை தலைகீழாகும். முதல்முறையில் 5000.5 ஓம், இரண்டாம் முறையில் 3333 ஓம், அஃதாவது மூன்றில் ஒரு பங்கு பிழை. இரு கருவிகளின் தடைகளையும் பெருக்கி இருமடிமூலம் கண்டால் இரு முறைகளும் ஏறத்தாழ ஒத்த பிழையைத் தரும் எல்லை கிடைக்கும். இவ்வெடுத்துக்காட்டில் அது 71 ஓம். அதனினும் மிகச் சிறிய தடைகளுக்கு இரண்டாம் முறையும், மிகப் பெரிய தடைகளுக்கு முதல்முறையும் ஏற்றவை. இன்றைய எண்ணியல் வோல்ட்மீட்டர்கள் பலவற்றின் தடை 1 கோடி ஓம் அளவில் இருப்பதால் இரண்டாம் முறை பொருந்தும் எல்லை விரிந்துள்ளது. சிக்கல் முற்றும் நீங்கிவிடவில்லை.

விடையை எத்தனை இலக்கங்களில் எழுதுவது என்பதும் இதனோடு இயைந்தது. 230 வோல்ட் என்னும் அளவீட்டில் 2 வோல்ட் ஐயமும், 0.26 ஆம்பியர் என்னும் அளவீட்டில் 0.01 ஆம்பியர் ஐயமும் இருப்பின், அவை முறையே 0.9, 3.8 விழுக்காடு ஆகும். வகுத்தாலும் பெருக்கினாலும் விடையின் ஐயம் அதிகபட்சமாக இவற்றின் கூட்டுத்தொகையான 4.7 விழுக்காட்டை எட்டும். கணிப்பான் காட்டும் 884.615 ஓம் என்பதை அப்படியே எழுதுவது பொருந்தாது. 880 ஓம், 40 ஓம் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கலாம் என்பதே நேர்மையான விடை. திறனும் அவ்வாறே 60 வாட், 3 வாட் ஐயத்துடன்.

மாறுதிசை மின்னோட்டத்தில் கணக்கு

வீடுகளுக்கு வரும் மின்சாரம் ஒரு வினாடியில் 50 முறை அலைவுறும் மாறுதிசை மின்சாரம். 230 வோல்ட் என்பது அதன் பயனுறு மதிப்பு. உச்ச மதிப்பு ஏறத்தாழ 325 வோல்ட். கம்பிச்சுருள் உள்ள மோட்டாரில் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கம் மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்திற்குப் பின்தங்குகிறது. ஆகவே ஒவ்வோர் அலைவிலும் சிறிது நேரம் மோட்டார் ஆற்றலைப் பெறாமல் மின்தொடருக்கே திருப்பித் தருகிறது. ஒவ்வொரு கணத்திலும் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்குவது சரியே. பயனுறு மதிப்புகளைப் பெருக்கினால் கிடைப்பது தோற்றத் திறன் மட்டுமே. மெய்த்திறனைப் பெற அதனைத் திறன் காரணியால் மேலும் பெருக்க வேண்டும்.

முன்னுரையில் கூறிய மோட்டாரை மீண்டும் கருதலாம். 230 வோல்ட், 5 ஆம்பியர். திறன் காரணி 0.8. தோற்றத் திறன் 1150 வோல்ட்-ஆம்பியர். மெய்த்திறன் 920 வாட். 230 ÷ 5 = 46 ஓம் என்பது மோட்டாரின் மின்தடையன்று; மாறுதிசை மின்னோட்டத்திற்கு அது காட்டும் மொத்த எதிர்ப்பாகிய மின்னெதிர்ப்பு. மோட்டாரை நிறுத்தி, அதன் செப்புச் சுருளைப் பன்னளவியால் அளந்தால் 3 ஓம் காட்டுவதாகக் கொள்வோம். ஓடும்போது அச்சுருளில் வெப்பமாவது 5 × 5 × 3 = 75 வாட். எஞ்சிய 845 வாட்டில் இரும்பகத்தின் வெப்பமும் உராய்வும் போக, மற்றது நீரை மேலேற்றும் வேலையாகிறது. 3 ஓமை மூன்றாவது வாய்பாட்டில் இடுவோர் 17,600 வாட் என்னும் விடையைப் பெறுவர்.

மோட்டார் சிக்கிச் சுழலாமல் நின்றுவிட்டால் நிலைமை மாறும். சுழற்சியால் தோன்றிய எதிர் மின்னழுத்தம் மறைவதால் மின்னோட்டம் பலமடங்கு உயர்கிறது. நான்கு மடங்கு உயர்ந்தாலே சுருளின் வெப்பம் பதினாறு மடங்காகி 1200 வாட்டை எட்டும். நின்றுபோன மோட்டார் சில நிமிடங்களில் கருகிவிடுவதன் காரணம் இவ்விருமடித் தொடர்பே.

தளர்ந்த இணைப்பும் தீ இடரும்

கணக்கைப் பொருளுணர்ந்து செய்வதன் நடைமுறைப் பயனை ஒரு தளர்ந்த இணைப்பு காட்டும். 230 வோல்ட்டில் 2000 வாட் திறனுடைய நீர் சூடாக்கியின் மின்தடை 26.45 ஓம், மின்னோட்டம் 8.70 ஆம்பியர். அது செருகப்பட்ட பொருத்துவாயில் ஒரு திருகு தளர்ந்து 0.5 ஓம் தடை தோன்றுவதாகக் கொள்வோம். மொத்தத் தடை 26.95 ஓம், மின்னோட்டம் 8.53 ஆம்பியர். சூடாக்கியின் வேலையில் பயனர் எவ்வேறுபாட்டையும் உணரார். ஆனால் அத்திருகினிடத்தில் 8.53 × 8.53 × 0.5, அஃதாவது ஏறத்தாழ 36 வாட் வெப்பம் இடையறாது பிறக்கிறது. மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்ப்போர் ஈயத்தை உருக்கப் பயன்படுத்தும் சூட்டுக்கோலின் திறன் இவ்வளவே. அதே வெப்பம் இங்கு ஞெகிழிக் கூட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

உருகுகம்பி இதனைத் தடுக்காது. மின்னோட்டம் வரம்பு மீறும்போது அறுவதே அதன் பணி. இங்கோ மின்னோட்டம் 2 விழுக்காடு குறைந்துள்ளது. வோல்ட்மீட்டரை வெறும் பொருத்துவாயில் வைத்து அளந்தாலும் 230 வோல்ட் எனவே காட்டும். மின்னோட்டம் பாயாதபோது தளர்ந்த இணைப்பில் அழுத்த வீழ்ச்சி இராது. சூடாக்கி இயங்கும்போது அதன் முனைகளில் அளந்தால் மட்டுமே 4.3 வோல்ட் குறைவு தெரியவரும். வெப்பத்தால் உலோகப் பரப்பு ஆக்சைடாகித் தடை மேலும் கூடும். தடை கூட வெப்பமும் கூடும். இணைப்பின் தடை சூடாக்கியின் தடைக்கு நிகராகும்வரை இவ்வேற்றம் தொடரக்கூடும். அந்நிலையில் இணைப்பில் பிறக்கும் வெப்பம் 500 வாட். நடைமுறையில் அதற்கு முன்னரே ஞெகிழி உருகிக் கருகிவிடும்.

தடை மிகுந்தால் மின்னோட்டம் குறையும், மின்னோட்டம் குறைந்தால் இடர் குறையும் என்று கருதுவது இங்குப் பொருந்தவில்லை. மின்சுற்று முழுவதற்கும் உரிய திறன் குறைந்தும், ஒரு சிறு பகுதிக்கு உரிய திறன் மிகுந்தும் இருக்க முடியும். ஆகவே செருகியைத் தொடும்போது வழக்கத்தினும் மிகுந்த சூடு தோன்றினாலோ, பொருத்துவாயைச் சுற்றி நிறம் மாறியிருந்தாலோ, உருகுகம்பி அறவில்லை என அமைதி கொள்ளாமல், மின்சாரத்தை முதன்மை இணைப்பில் துண்டித்துத் தகுதியுடைய மின்பணியாளரைக் கொண்டு சீர்செய்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தல் மின்தடையின் வரையறை. அவ்விகிதம் மாறாதது என்பதே ஓம் விதி. அது வெப்பநிலை முதலியன மாறாத நிலையில் உலோகக் கடத்திகளுக்கு உரியது.
2. ஒரு கணத்தின் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் கிடைக்கும் திறன் எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும். மின்தடையை உள்ளடக்கிய ஏனைய இரு வாய்பாடுகளும் தடையில் பிறக்கும் வெப்பத்திற்கு மட்டும் உரியவை.
3. வாய்பாட்டில் இடப்படும் மின்னழுத்தம் எவ்விரு புள்ளிகளுக்கிடையே அளந்தது என்பதைக் குறிப்பிடாமல் கணக்கிடுதல் பெரும்பிழைகளுக்கு வழிவகுக்கும்.
4. மாறுதிசை மின்னோட்டத்தில் பயனுறு மதிப்புகளின் வகுத்தல் மின்னெதிர்ப்பையும், பெருக்கல் தோற்றத் திறனையும் தருகின்றன. மெய்த்திறனுக்குத் திறன் காரணி தேவை.
5. கருவிகளின் தடையும் அளவீட்டின் ஐயமும் விடையின் பகுதிகளே.

தமிழ்வழியில் இப்பாடத்தைக் கற்பிக்கும்போது, விடை எண்ணோடு அதனை அளந்த நிலைமையையும் எழுதச் செய்வதும், பெற்ற திறனை உட்செலுத்திய திறனோடு ஒப்பிடச் செய்வதும் எளிய பயிற்சிகள். இழைவிளக்கு ஒன்றைக் குளிர்ந்த நிலையில் பன்னளவியால் அளக்கச் செய்து, அதன்மேல் பொறிக்கப்பட்ட வாட் மதிப்பிலிருந்து கிடைக்கும் மின்தடையோடு ஒப்பிடச் செய்தால், வரையறைக்கும் விதிக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் ஒரு வகுப்பு நேரத்திலேயே கண்டறிவர்.